பதிலா, கூடவா? டப்பா மேல் ஒரு வரி தமிழில் வேண்டும்

பெறுநர்: இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், தமிழ்நாடு அரசின் உணவுப் பாதுகாப்புத் துறை

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் நங்கநல்லூரில் இருக்கிறேன். தினமும் பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறி, மாம்பலத்தில் இறங்கி, தி.நகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்குக் கணக்கு பார்க்கப் போகிறவள். வயது 52. சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிக்கும் ஷேக், புரோட்டீன் பவுடர், சத்து பானம் என்று பல பெயர்களில் விற்கும் டப்பாக்களைப் பற்றித்தான் இந்த மடல். அவற்றைத் தடை செய்யுங்கள் என்று கேட்க வரவில்லை. என் அலுவலக மேஜை டிராயரில் இப்போதும் ஒன்று இருக்கிறது.

போன வருஷம் எங்கள் சமையலறை அலமாரியில், துவரம்பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில், ஒரே சமயத்தில் மூன்று பவுடர் டப்பாக்கள் இருந்தன. ஒன்று என்னுடையது, உடம்பு இளைக்க. ஒன்று மாமியாருடையது, உடம்பு தேற. மூன்றாவது மகனுடையது, உடம்பு ஏற. ஊரிலிருந்து வந்திருந்த என் அண்ணன் மூன்றையும் பார்த்துவிட்டு, "எல்லாம் ஹார்லிக்ஸ் மாதிரிதானே?" என்றார். அன்றைக்கு நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் என் கதை. மின்கம்பங்களிலும் ஆட்டோக்களின் முதுகிலும் 'எடை குறைக்க வேண்டுமா? அழைக்கவும்' என்று ஒட்டியிருப்பார்களே, அப்படி ஒரு எண்ணை அழைத்துத்தான் போனேன். எங்கள் பகுதியிலேயே ஒரு வீட்டின் மாடி. காலை ஆறே காலுக்குப் பத்துப் பதினைந்து பெண்கள் கூடுவோம். முதலில் ஒரு சூடான டீ, அப்புறம் மிக்ஸியில் அடித்த ஷேக். நடுவில் ஒருவர் ஒருவராக எடை மெஷினில் ஏறி நிற்க வேண்டும். அரைக் கிலோ குறைந்தால் எல்லோரும் கை தட்டுவார்கள். உண்மையைச் சொன்னால் அந்தக் கைதட்டலுக்காகவே பாதி நாள் போனேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் காலங்கார்த்தாலே எனக்கு யார் கை தட்டியிருக்கிறார்கள்? மாதம் ₹6,000-க்கு மேல் ஆனது. காலையிலும் இரவிலும் ஷேக், மதியம் மட்டும் சாப்பாடு. இரண்டு மாதத்தில் மூன்றரைக் கிலோ குறைந்தேன்.

எனக்குப் பத்து வருஷமாகத் தைராய்டு. காலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் மாத்திரை போடுவேன். ஷேக் ஆரம்பித்து மூன்றாவது மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில், எப்போதும் மூன்றைச் சுற்றியே இருக்கும் டி.எஸ்.எச். (தைராய்டு சுரப்பு போதாமல் போனால் ஏறும் எண்) 9.4 என்று வந்தது. காலெல்லாம் வீங்கி, ரயிலில் நின்றுகொண்டே தூங்கினேன். டாக்டர் மாத்திரையின் அளவை 75-லிருந்து 100 மைக்ரோகிராம் ஆக்குவதாக எழுதியே விட்டார். கடைசியில், போகிற போக்கில் கேட்பது போல, "மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழிச்சு என்ன சாப்பிடுறீங்க?" என்றார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

கால்சியமும் இரும்புச்சத்தும் தைராய்டு மாத்திரையைக் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்துக்குள் போக விடாது. அதனால்தான் அவற்றுக்கும் மாத்திரைக்கும் இடையில் 4 மணி நேரம் விடச் சொல்கிறார்கள். சோயாவும் அதே வேலையைச் செய்யக்கூடியது. என் ஷேக்கில் மூன்றுமே இருந்தன, அதுதான் அதன் பெருமையே. மாத்திரைக்கும் ஷேக்குக்கும் நடுவே நான் விட்டது முக்கால் மணி நேரம். மாத்திரையின் அளவைக் கூட்டாமல், ஷேக்கை மட்டும் 11 மணிக்குத் தள்ளிவைத்தேன். எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

மாடிக்குப் போய்ச் சண்டை போடலாம் என்றுதான் கிளம்பினேன். அந்த 'கோச்' என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். கணவருக்கு வேலை போனபோது, இருந்த நகையை வைத்துச் சரக்கு எடுத்தவள். "அக்கா, இது இயற்கை. மாத்திரையோட எப்படி மோதும்?" என்றாள். டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராதுக்கா. மீட்டிங்ல சொன்னதத்தான் நான் சொல்றேன்" என்றாள். அதற்கப்புறம் எனக்குச் சண்டை போட வாய் வரவில்லை. விற்றவளும் படிக்கவில்லை, வாங்கியவளும் படிக்கவில்லை.

இத்தனைக்கும் நான் படிக்கத் தெரிந்தவள். அடிக்குறிப்பைப் பார்க்காமல் எந்த பேலன்ஸ் ஷீட்டையும் நம்பாதவள். டப்பாவின் அடிக்குறிப்பை மட்டும் ஏனோ விட்டுவிட்டேன். அன்று இரவு மாமியாரின் பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கடுகு சைஸ் ஆங்கில எழுத்தில் ஒரு வரி இருந்தது: பலவகை உணவுக்கு இது மாற்று அல்ல. உங்கள் விதிப்படியே போட்டிருக்கிறார்கள். உணவுக்கு மாற்று என்று மாடியில் விற்றார்கள். மாற்று இல்லை என்று டப்பாவிலேயே இருந்தது.

2016-இல் நீங்கள் வெளியிட்ட விதிகளைப் பிறகு தேடிப் படித்தேன். அண்ணன் 'எல்லாம் ஒன்றுதான்' என்று சொன்ன மூன்று டப்பாக்களும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஜாதி இல்லை. சாதாரணச் சாப்பாட்டோடு கூடுதலாகச் சேர்ப்பது ஒரு வகை. எடை குறைப்பது போல ஒரு குறிப்பிட்ட தேவைக்கென்று தயாரித்தது இன்னொரு வகை. நோயாளிக்காக, மருத்துவர் சொன்னால் மட்டும் தரவேண்டியது மூன்றாவது வகை. ஒவ்வொன்றின் மேலும் என்ன வாசகம் இருக்க வேண்டும் என்பது வரை எழுதியிருக்கிறீர்கள். பிரித்தது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு கடைக்கு வந்து சேரவில்லை. மெடிக்கல் ஷாப்பில் மூன்றும் ஒரே தட்டில் நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் 'புரோட்டீன் பவுடர்' என்று ஒரே பெயர்.

மாமியார் விஷயத்தைச் சொன்னால் உங்களுக்கு இன்னும் புரியும். அத்தைக்கு 79 வயது. சர்க்கரை உண்டு. ஒரு வைரல் காய்ச்சலில் பாதியாகிப் போனார். டாக்டர் ஒரு பவுடரை எழுதி, 'தினம் இரண்டு வேளை' என்றார். சாப்பாட்டோடா, சாப்பாட்டுக்குப் பதிலா என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அத்தைக்கு இரவில் சாப்பாடு இறங்கவில்லை என்பதால், தோசையை விட்டுவிட்டுப் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போலக் கொடுத்தோம். இன்சுலினைச் சுரக்க வைக்கும் வகை மாத்திரை அது. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் தன் வேலையைச் செய்துவிடும். விடியற்காலை மூன்று மணிக்குப் புடவையெல்லாம் நனைய வியர்த்து, கை நடுங்கி, யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் கிடந்தார். குளுக்கோமீட்டரில் 54. மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தேன். என் கையும் நடுங்கியது.

மறுநாள் தெளிந்து உட்கார்ந்தவர் கேட்டது ஒன்றுதான்: "அந்த டப்பாவுல என்ன எழுதியிருக்குன்னு அன்னைக்கே கேட்டேனே, நீங்க யாராவது படிச்சு சொன்னீங்களா?" அத்தை தினமும் தமிழ்ப் பேப்பரைத் தலைப்பிலிருந்து நினைவஞ்சலி வரை விடாமல் படிப்பவர். ரேஷன் கடை போர்டில் எழுத்துப் பிழை கண்டுபிடிப்பவர். அவர் வாயில் போகிற சாமானைப் பற்றி அவரால் ஒரு எழுத்தும் படிக்க முடியவில்லை.

மகன் கதை இதற்கு நேர் தலைகீழ், சுருக்கமாகச் சொல்கிறேன். சோழிங்கநல்லூரில் வேலை. ஒன்பதரைக்கு எழுந்து, பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீனைத் தண்ணீரில் குலுக்கிக் குடித்துவிட்டு, காலைச் சாப்பாடு முடிந்தது என்று ஓடுவான். அதில் 24 கிராம் புரதம் இருந்தது, சரி. மொத்தக் கலோரி 120. பதினொன்றரைக்கு அவன் வயிறு அதைக் கணக்குப் பார்த்துச் சொல்லிவிடும். இரண்டு பப்ஸும் ஒரு டீயும். ஆறு மாதத்தில் நான்கு கிலோ ஏறினான், அவன் நினைத்த இடத்தில் அல்ல. உடம்பைக் கட்டுவதற்காகப் புரோட்டீன் பவுடர் எடுப்பதைத் தவிர்க்கச் சொல்லித் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாத வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. அவனுக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது.

ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதில் என்று சொல்ல ஒரு கணக்கு உலகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. எடைக் கட்டுப்பாட்டு உணவுகளுக்கு 1991-இல் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு வகுத்த தரப்படி, ஒரு வேளைக்குப் பதிலாகத் தரும் கலவையில் 200 முதல் 400 கலோரி இருக்க வேண்டும். அந்தக் கலோரியில் 25 முதல் 50 சதவீதம் புரதத்திலிருந்து வர வேண்டும். என் டப்பாவை இந்தத் தராசில் வைத்தேன். தண்ணீரில் கலந்தால் ஒரு கிளாஸில் 90 கலோரி. 250 மில்லி ஆவின் நீல பாக்கெட் பாலில் கலந்தால் சுமார் 235. ஆக, அதைச் சாப்பாடு ஆக்குவதே பால்தான். ஏறத்தாழ 8 கிராம் புரதமும் பாலே தருகிறது. பெயர் டப்பாவுக்குப் போகிறது. இரவில் 'பாலில் கொழுப்பு' என்று சொல்லித் தண்ணீரில்தான் குடிக்கச் சொன்னார்கள். அப்படியென்றால் இரண்டு மாதம் என் ராச்சாப்பாடு இரண்டு இட்லி அளவு. மூன்றரைக் கிலோ குறைந்த ரகசியம் இவ்வளவுதான். விட்ட மூன்றாம் மாதமே நாலு கிலோவாகத் திரும்பி வந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'பாட்டி காலத்துக் கஞ்சியே போதும்' என்று நான் சொல்லப் போவதாக நினைக்க வேண்டாம். மாவு மில்லில் அரைத்து வாங்கும் எங்கள் வீட்டுச் சத்துமாவில் முக்கால்வாசி தானியம்தான். வெல்லம் போட்டுக் கரைத்தால் அத்தைக்கு அதுவும் சர்க்கரையை ஏற்றும். நம் தட்டில் சோறு அதிகம், புரதம் குறைவு என்பதும் உண்மை. கோபாலபுரத்தில் இருக்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வில், நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாக 2025-இல் வெளியிட்டார்கள். அதே ஆய்வு 2023-இல், நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. என் போன்ற 55 கிலோ பெண்ணுக்கு நாளைக்கு 46 கிராம் புரதம் வேண்டும் என்பது ஐ.சி.எம்.ஆர். கணக்கு. காலையில் இட்லி, மதியம் சாம்பார் சாதம், இரவில் தோசை என்று ஓடும் நாளில் அது சுலபமாக வந்துவிடாது.

ஷேக்கை ஒழுங்காகப் பயன்படுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. பிரிட்டனில் 306 சர்க்கரை நோயாளிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது; 2017-இல் முடிவு வெளியானது. பாதிப் பேருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை சாப்பாடே கிடையாது, நாளைக்குச் சுமார் 850 கலோரி அளவில் ஷேக்கும் சூப்பும் மட்டும். ஒரு வருஷ முடிவில் அவர்களில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்திருந்தது. வழக்கமான சிகிச்சையில் இருந்த மற்றவர்களில் அது 4 சதவீதம். ஆனால் அங்கே ஷேக்கைத் தொடங்கும் அன்றே சர்க்கரை மாத்திரைகளை நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் பயிற்சி பெற்றவர்கள் இருந்தார்கள். எங்கள் வீட்டில் ராத்திரி மூன்று மணிக்கு இருந்தது நானும் சர்க்கரை டப்பாவும்தான்.

இனி என் கோரிக்கை.

உங்கள் 2020 லேபிள் விதிகளின்படி, கட்டாயம் போடவேண்டிய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தால் போதும். வேறு மொழி வேண்டுமானால் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். வேண்டுமானால்தானே, யாரும் சேர்ப்பதில்லை. இதே கம்பெனிகளின் விளம்பரம் தொலைக்காட்சியில் நல்ல தமிழில் வருகிறது. குழந்தை தமிழில் ஓடுகிறது, அம்மா தமிழில் கவலைப்படுகிறாள், டாக்டர் கோட்டு போட்டவர் தமிழில் தலையாட்டுகிறார். விற்பதற்குத் தமிழ் தெரிகிறது. எச்சரிப்பதற்கு மட்டும் ஆங்கிலம். இடம் இல்லை என்பார்கள். டப்பாவைப் பாருங்கள், பாதாம் பருப்புக்கும் தசை முறுக்கிய ஆளுக்கும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியும். க்யூஆர் கோடு போட்டிருக்கிறோம் என்பார்கள். அத்தையிடம் இருப்பது பட்டன் போன்.

ஒரு சொல்லால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. 2024 ஏப்ரலில், மால்ட் பானக் கலவைகளையும் பால், தானியப் பானக் கலவைகளையும் 'ஹெல்த் டிரிங்க்' என்ற வரிசையில் வைத்து விற்காதீர்கள் என்று இணையக் கடைகளுக்குச் சொன்னீர்கள். அந்த மாதமே ஹார்லிக்ஸ் தன் வகைப் பெயரிலிருந்து 'ஹெல்த்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிப் போவதை மரியாதையாக நினைத்த ஊர் இது. அங்கேயே ஒரு சொல்லை எடுக்க வைத்தவர்கள், இங்கே ஒரு வரியைச் சேர்க்க வைக்கலாம்.

எழுத்தே தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி நீங்கள் செய்த வேலையும் ஒன்று உண்டு. பச்சைப் புள்ளி என்றால் சைவம். அசைவத்துக்கான பழுப்பு வட்டத்தை, நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்களும் கண்டுகொள்ளும்படி முக்கோணமாக மாற்றியதும் 2020 விதிகளில்தான். அதே போல இதற்கும் ஒரு படம் போடுங்கள். நிறைந்த தட்டுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் இருந்தால் 'கூட'. தட்டில்லாமல் டம்ளர் மட்டும் இருந்தால் 'பதில்'. டம்ளர் மேல் ஸ்டெதாஸ்கோப் இருந்தால் 'டாக்டரைக் கேள்'. படம் வரைய என்னைவிட நல்ல ஆட்கள் உங்களிடம் இருப்பார்கள்.

படத்துக்குக் கீழே தமிழ் வரி, முன்பக்கத்திலேயே. தயவுசெய்து அகராதித் தமிழ் வேண்டாம். 'உணவுக் குறைநிரப்புப் பொருள்' என்று போட்டால் அத்தைக்கும் புரியாது, எனக்கும் புரியாது. இப்படி இருந்தால் போதும்:

'சாப்பாட்டோடு கூடுதலாகக் குடிக்க. சாப்பாட்டுக்குப் பதில் அல்ல.'

'ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதில். ஒரு கிளாஸில் இத்தனை கலோரி. பாலில் கலந்தால் இத்தனை.'

'டாக்டர் சொன்னால் மட்டும். சர்க்கரை மாத்திரை போடுபவர்கள் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள்.'

இவற்றோடு, கால்சியமும் இரும்பும் சோயாவும் சேர்த்த எல்லாவற்றிலும்: 'தைராய்டு மாத்திரை போட்டு 4 மணி நேரம் கழித்துக் குடிக்கவும்.' எங்கள் அலுவலகத்தில் ஒன்பது பெண்கள் இருக்கிறோம். அதில் நான்கு பேருக்குத் தைராய்டு. யாரும் காலையில் பவுடர் குடிப்பதில்லை என்று என்னால் சொல்ல முடியாது, கேட்டுவிட்டேன்.

தமிழ்நாட்டுத் துறைக்குத் தனியாக ஒன்று. டப்பாவை மாற்ற டெல்லி முடிவெடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். இந்தப் பவுடர்களை விற்கும் ஒவ்வொரு மெடிக்கல் ஷாப்பிலும் ஜிம்மிலும், எடை குறைக்கும் மாடி வீடுகளிலும் இந்த நாலு வரியை ஒரு அட்டையில் அடித்து மாட்டச் சொல்லுங்கள். மாடி வீட்டுப் பெண்களை மிரட்டி மூடச் சொல்வதால் பயனில்லை. பக்கத்துத் தெருவுக்குப் போவார்கள். கூப்பிட்டு உட்கார வைத்துத் தமிழில் சொல்லுங்கள். அந்தப் பெண் என்னை நம்பினாள், உங்களையும் நம்புவாள்.

டிராயரில் ஒரு டப்பா இருப்பதாக முதலிலேயே சொன்னேன் அல்லவா, அதற்கும் கணக்குச் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் 30 டாக்ஸ் ஆடிட் கெடு நெருங்கும் நாட்களில் மதியம் எழுந்து போய்ச் சாப்பிட நேரம் இருக்காது. முன்பெல்லாம் நாலு மணிக்கு ரங்கநாதன் தெருப் பக்கம் போய் மிளகாய் பஜ்ஜியால் வயிற்றை நிரப்புவேன். இப்போது அந்த நாட்களில் மட்டும், ஆவின் பாலில் கலந்து, ஒரு வாழைப்பழத்தோடு ஒரு பிடி வேர்க்கடலையும் சேர்த்து முடித்துவிடுகிறேன். மென்று தின்ன ஏதாவது வேண்டும். இல்லையென்றால் மூன்று மணிக்கு மனது பஜ்ஜியைத்தான் தேடும். இந்த டப்பாவில் 'ஒரு வேளைக்குப் பதில்' என்று இருக்கிறது, கலோரியும் அந்த 200-க்கு மேல் வருகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன்.

மூன்று டப்பாக்களின் நான்கு பக்கப் படங்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். கம்பெனிப் பெயர்களை மறைத்துவிட்டேன், ஏனென்றால் புகார் எந்தக் கம்பெனி மேலும் இல்லை.

இப்படிக்கு,
நங்கநல்லூரிலிருந்து ஒரு கணக்குக்காரி

பி.கு.: அனுப்புவதற்கு முன் இதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு திருத்தம் சொன்னார். 'வியர்த்து' என்பதோடு 'புடவையெல்லாம் நனைய' என்று சேர்க்கச் சொன்னார், சேர்த்துவிட்டேன். இன்னொன்று உங்களுக்கு: எழுத்து, பேப்பரில் நினைவஞ்சலிக்குப் போடுகிற சைஸாவது இருக்க வேண்டுமாம். அதுவரைக்கும் கண்ணாடி இல்லாமல் படித்துவிடுவாராம்.